ஓம், நான்தான் அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும், அண்ணையின் ஒரே தங்கை எழுதுவது. முப்பத்தோராம் நாள் கிரியைக்கு வருகிறவர்களை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று அண்ணி சொன்னார். பாரிஸில் எங்கள் கடைகள் இருக்கும் லாச்சப்பலில் அச்சகம் வைத்திருக்கும் ஒரு தம்பி, "வழமையா எல்லாருக்கும் போடுறதையே போட்டுவிடட்டோ அக்கா? பெயரை மட்டும் மாத்தினாச் சரி" என்று கேட்டார். நல்ல பிள்ளை, உதவி செய்யத்தான் கேட்டார். ஆனால் பண்பின் சிகரம், பாசத்தின் இமயம் என்றெல்லாம் போட்டால் அண்ணை அதை வாசித்துவிட்டு, "ஆர் இந்த மனுசன்?" என்று கேட்பார். அதனால் நானே எழுதுகிறேன். விடியத் துப்புரவு வேலை, பின்னேரமும் அதே வேலை, இடையில் துக்கம் விசாரிக்கும் தொலைபேசிகள் என்று ஒரு மாதமாக ஓடிக் களைத்த கை இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணை யாழ்ப்பாணம் அச்சுவேலியில் பிறந்தார். ஐயா சைக்கிள் திருத்தும் கடை வைத்திருந்தார். அண்ணை படிப்பில் கெட்டிக்காரர் என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் அவர் கணக்கில் ஒவ்வொரு தவணையும் கோட்டை விட்டவர். அதில் அவருக்கு ஒரு வெட்கமும் இருந்ததில்லை. இளம் பெடியன்கள் வீதியில் நடக்கவே பயந்த காலம் வந்ததும், அம்மா தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்து அவரை வெளிநாட்டுக்கு அனுப்பினார்.

ஏஜென்சிக்காரர் அவரை மொஸ்கோவில் கொண்டுபோய் இறக்கி, "அடுத்த கிழமை பிரான்சுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டு மறைந்தார். அந்த அடுத்த கிழமை வர ஒன்றரை வருடத்துக்கு மேல் சென்றது. நகரத்தின் ஓரத்தில் ஒரு சின்ன வீட்டில், ஒருவர் எழும்பினால்தான் மற்றவர் படுக்கலாம் என்ற நிலையில் எங்கள் பெடியன்கள் அடைந்து கிடந்தார்கள். பசி தாங்காமல் அண்ணை மரக்கறிச் சந்தைக்கு மூட்டை தூக்கப் போனார். அங்கே மூட்டை தூக்கியவர்களில் பாதிப் பேர் தஜிக்குக்காரர்கள். அவர்களுடைய நாட்டிலும் அப்போது சண்டை. அவர்களும் கறுத்த தலைமயிர்க்காரர், அவர்களிடமும் சரியான பேப்பர் இல்லை, அவர்களையும் பொலிஸ் சுரங்க ரயில் வாசலில் மறித்து வைத்துப் பிடுங்கும். தங்கள் ரொட்டியைப் பிய்த்து அண்ணைக்கும் கொடுத்து, ரஷ்ய மொழியையும் அவர்களே சொல்லிக்கொடுத்தார்கள். அது சந்தை ரஷ்யன். "நான் கதைக்கிற ரஷ்யனில பாதி கெட்ட வார்த்தை, மற்றது உருளைக்கிழங்கு" என்று அண்ணை சொல்லிச் சிரிப்பார்.

பிறகு லொறி, எல்லை, பனி என்று எப்படியோ பாரிஸ் வந்து சேர்ந்தார். இங்கே வேறொருவருடைய வதிவிட அட்டையில், அதை நாங்கள் காட் என்போம், வேறொருவருடைய பெயரில், ரெஸ்ரோரன்ற் அடுப்படியில் கோப்பை கழுவினார். ஐயா இறந்தபோது போக முடியவில்லை. செத்தவீடு வீடியோ கசெற்றாக வந்தது. அதைப் போட்டுப் பார்க்க அவரிடம் டெக் இல்லை, லாச்சப்பல் கடை ஒன்றின் பின்னறையில் நின்றபடி பார்த்தாராம். பாதியில் வாடிக்கையாளர் வந்ததால் நிறுத்திவைத்துவிட்டுச் சாமான் எடுத்துக் கொடுத்தார்களாம். இதை அவர் ஒரு முறைதான் எனக்குச் சொன்னார். அதற்குப் பிறகு அவருக்குக் காட் கிடைத்தது. அண்ணியைக் கூப்பிட்டார், என்னையும் என் கணவரையும் கூப்பிட்டார், பாரிஸுக்கு வெளியே செவ்ரானில் வீடு எடுத்தார். பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றி உறவுகள் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அண்ணியே பதில் சொன்னார், அவரை ஒரு சொல் கேட்க விட்டதில்லை.

கொரோனாவோடு ரெஸ்ரோரன்ற் மூடப்பட்டது. அண்ணைக்கு முழங்காலும் போய்விட்டது, நெஞ்சும் இழுத்தது. அந்த நேரம் எங்களுக்கு மச்சான் முறையான ஒருவர், பழைய கட்டடங்களை உடைத்துத் திருத்திப் பூசும் வேலையைக் கொந்தராத்து எடுத்துச் செய்பவர், அண்ணையைக் கூப்பிட்டார். தூக்குவதற்கு அல்ல, கதைப்பதற்கு. அவருடைய வேலையாட்கள் எல்லாம் தஜிக்குக்காரரும் கிர்கிஸ்காரரும். காலையில் லாச்சப்பல் பக்கம் வான் வந்து நிற்கும், ஏறிப் போவார்கள். ரஷ்யாவில் பல வருடம் வேலை செய்து, ஒரு நாள் பெயர் தடைப் பட்டியலில் ஏறிவிட, திரும்பவும் அங்கே போக முடியாமல் போலந்து வழியாக இங்கே வந்தவர்கள். மிஞ்சி நின்றவர்களை ரஷ்யப் படையில் சேர்ந்து சண்டைக்குப் போகச் சொல்லிக் கையெழுத்துக் கேட்டதால் ஓடி வந்தவர்களும் இருந்தார்கள். பிரெஞ்சு ஒரு சொல் வராது. முதலாளிக்கு அதுவும் வசதிதான்.

"காட் எடுக்க வேலைப் பேப்பர் தாறனெண்டு சொன்னீங்கள், எங்கை?" என்று அவர்கள் கேட்பார்கள். முதலாளி தமிழில், "நாளைக்கு எண்டு சொல்லு மச்சான்" என்பார். அண்ணை "சாவ்த்ரா" என்பார். அது ரஷ்யனில் நாளைக்கு. சாவ்த்ரா, சாவ்த்ரா என்று ஒரு வருடம் போனது. கிர்கிஸ்காரன் பாகித் அண்ணையைக் கண்டதும் "வணக்கம், சாவ்த்ரா" என்று பகிடி பண்ணத் தொடங்கினான். அண்ணை வீட்டுக்கு வந்தால் சாப்பாட்டுக் கோப்பைக்கு முன்னால் சும்மா இருப்பார். "அந்தாள் பொய் சொல்லுது, ஆனா அவங்கள் கேக்கிறது என்ர வாயிலயிருந்துதான்" என்று ஒருநாள் சொன்னார்.

அவர்களில் தில்ஷோத் என்ற தஜிக்குக்காரர் அண்ணையோடு நல்ல ஒட்டு. நாற்பது வயதிருக்கும். ஊரில் மனைவியும் பிள்ளைகளும். கடைசி மகனைத் தொலைபேசியில் மட்டும் கண்டவர். அந்தப் பிள்ளை தொலைபேசியைக் காட்டி அதற்குத்தான் அப்பா என்று சொல்லுமாம். அவர் அண்ணையை "அகா, அகா" என்று கூப்பிடுவார். அவர்கள் பேச்சில் அகா என்றால் மூத்த சகோதரன். ஆனால் வேலையிடத்தில் நின்ற எங்கள் தமிழ்ப் பெடியன்களின் காதில் அது எப்படி விழும்? "அக்கா, தேத்தண்ணி குடிச்சாச்சோ?" "அக்கா, சீலை வடிவாயிருக்கு!" என்று நக்கல் அடித்தே அவரை அரை உயிராக்கினார்கள். அண்ணையும் விடமாட்டார், "ஓமடா தம்பி, உனக்கும் ஒரு பொம்பிளை பாக்கிறன்" என்பார்.

இனிச் சொல்லப்போவது உங்களில் பலருக்குத் தெரியும், ஆனால் கோணலாகத் தெரியும். பாரிஸின் புறநகரான ஸ்தேனில் ஒரு கட்டடத்தின் முகப்பைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். முதல் நாள் மழை. சாரத்தின் பலகை ஒன்று கட்டாமல் கிடந்தது. அதில் கால் வைத்த தில்ஷோத் கீழே விழுந்தார். விழுந்ததை அண்ணை கண்டார், பாகித் கண்டான். கீழே சாந்து குழைத்துக்கொண்டு நின்ற எங்கள் ஆட்கள் இரண்டு பேரும் கண்டார்கள். அவர்களுடைய பெயரை நான் இங்கே எழுதவில்லை.

முதலாளி தொலைபேசியில் எல்லாருக்கும் கேட்கக் கத்தினார். "இஞ்சை பொம்பியேயைக் கூப்பிடாதை! வானில ஏத்தி அவன்ர அறைக்குக் கொண்டு போ. அங்கையிருந்து கூப்பிடு. படியில விழுந்தவன் எண்டு சொல்லச் சொல்லு, இல்லாட்டிப் பொலிஸ் வருமெண்டு அவனுக்கு விளங்கப்படுத்து." அண்ணை அதை மொழிபெயர்க்கவில்லை. முள்ளந்தண்டு உடைந்தவனை வானில் ஏற்றுவதா என்று சொல்லி அந்த இடத்திலிருந்தே பொம்பியேயை, அதாவது அவசர உதவி வண்டியை, கூப்பிட்டார். ஆனால் பொலிஸ் என்ற சொல்லுக்கு மொழிபெயர்ப்புத் தேவையா? கீழே கிடந்த தில்ஷோத்துக்கு அது வடிவாக விளங்கிவிட்டது.

அவரைக் கொண்டுபோன சென் தெனி மருத்துவமனைக்குக் கிட்டத்தான் நான் துப்புரவு செய்யும் அலுவலகம். அண்ணை தொலைபேசி எடுத்ததும் வேலை உடுப்போடு ஓடினேன். அவசர சிகிச்சையில் ஒரு தாதி, பாண்டிச்சேரிப் பெண், "இவரோட சொந்தக்காரங்க யாரு?" என்று எங்கள் முகத்தைப் பார்த்துத் தமிழிலேயே கேட்டார். தில்ஷோத் கையைத் தூக்கி, "அகா, அகா" என்றார். தாதி உடனே என்னிடம் திரும்பி, "ஓ, நீங்கதான் அக்காவா? உள்ள வாங்க" என்றார். அண்ணை முன்னால் வந்து, "ஓம் பிள்ளை, நான்தான் அக்கா" என்றார்.

"நீங்களா? மொசியே, ஆம்பளையா இருக்கீங்களே!"

"என்ன செய்யிறது, அப்பிடி அமைஞ்சுபோச்சு."

அந்த நிலையிலும் சிரித்தோம். தில்ஷோத்துக்கு விளங்காவிட்டாலும் எங்களைப் பார்த்துச் சிரிக்க வெளிக்கிட்டார், நோவில் முகம் சுருங்கிப்போனது.

பிறகு மருத்துவர் வந்தார், இளம் பெண். எங்கே, எப்படி விழுந்தார் என்று பிரெஞ்சில் கேட்டார். அண்ணை ரஷ்யனில் கேட்டார். தில்ஷோத் அண்ணையைப் பார்க்காமல் கூரையைப் பார்த்தபடி பதில் சொன்னார். அதை அண்ணை உடனே மொழிபெயர்க்கவில்லை. நான் அவருடைய சட்டையை இழுத்து, "என்னவாம்?" என்றேன். "வீட்டுப் படியில விழுந்தவராம்" என்றார் எனக்குத் தமிழில்.

அந்த இடத்தில் அண்ணை என்ன செய்திருக்க வேண்டும்? இதைப் பற்றித்தானே கலியாண வீடுகளில் எல்லாம் வாய் கிழியக் கதைத்தீர்கள். மொழிபெயர்க்கிறவர் சொன்னதைச் சொல்லிவிட்டுப் பேசாமல் இருக்க வேண்டுமாம். சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்றும் கேளுங்கள். வேலையில் விழுந்தவன் என்றால், காட் இல்லாவிட்டாலும் அவனுடைய வைத்தியத்துக்கும் பிழைப்புக்கும் இந்த நாட்டில் ஒரு வழி இருக்கிறது. படியில் விழுந்தவன் என்றால் அவன் முதுகு உடைந்த ஒரு பேப்பர் இல்லாத ஆள், அவ்வளவுதான். அண்ணை மருத்துவரிடம் அடுப்படிப் பிரெஞ்சில் சொன்னார்: "இவர் சொல்வது, வீட்டுப் படியில் விழுந்தேன் என்று. நான் கண்டது, வேலையிடத்துச் சாரத்திலிருந்து விழுந்ததை." மருத்துவர் பேனையை நிறுத்தி, "நீங்கள் மொழிபெயர்ப்பாளரா, சாட்சியா?" என்று கேட்டார். "இரண்டும்தான், மதாம்" என்றார் அண்ணை.

நன்றி சொல்லித் தில்ஷோத் காலில் விழுந்தார் என்று நினைக்காதீர்கள். தன்னைப் பொலிசுக்குப் பிடித்துக் கொடுத்துவிட்டார் என்று ஏசினார். சுவர்ப் பக்கம் திரும்பவும் முடியாது பாவம், கண்ணை மூடிக்கொண்டார். பல நாட்கள் அண்ணையோடு கதைக்கவில்லை. அண்ணை ஒவ்வொரு பின்னேரமும் போய் ஒரு கதிரையில் இருந்துவிட்டு வந்தார்.

முதலாளி அண்ணையை அன்றே வேலையால் நிற்பாட்டினார். தில்ஷோத் என்று ஒருவர் தன்னிடம் வேலை செய்ததே இல்லை என்று எழுதிக் கொடுத்தார். உறவுக்குள்ளே அண்ணைக்குக் காட்டிக்கொடுத்தவர் என்று பெயர் வைத்தார்கள். எங்கள் சனத்துக்குள் அது எவ்வளவு கொடிய சொல் என்று நான் உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கில் அண்ணையும் அண்ணியும் இருந்த மேசையில் வேறு ஒருவரும் வந்து இருக்கவில்லை. நானும் கணவரும் எழும்பிப் போய் அங்கே இருந்தோம். "நல்லதாப்போச்சு, வடை மிச்சம்" என்றார் அண்ணை.

தில்ஷோத்தை மருத்துவமனையிலிருந்து விட்டபோது, முன்பு அவர் தங்கிய அறையில் அவருடைய கட்டில் அடுத்த ஆளுக்குப் போயிருந்தது. அண்ணை அவரைச் செவ்ரானுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். அண்ணி கதவடியில் நின்று, "இவருக்கு நீங்கள் அக்கா எண்டா, அப்ப நான் அத்தானோ?" என்று கேட்டார். பிறகு வழியை விட்டு, "சரி, அத்தான் சமைக்கிறன், அக்கா போய்க் கோப்பையைக் கழுவட்டும்" என்றார். அதோடு தில்ஷோத் அந்த வீட்டு ஆள். அண்ணி ரொட்டியைக் கவிழ்த்து வைத்தால் அவர் பேசாமல் நிமிர்த்தி வைப்பார், அவர்கள் ஊரில் ரொட்டியைக் கவிழ்ப்பது பாவமாம். அவருடைய தாய் இறந்த செய்தி வந்ததும் அந்த வீட்டில்தான். முற்றத்தில் பாடையைத் தூக்குவதைத் தொலைபேசியில் பார்த்தார். அண்ணை பக்கத்தில் இருந்து, படம் முடியும் வரைக்கும் ஒருவரையும் அந்த அறைக்குள் விடவில்லை.

தில்ஷோத்தும் மனம் மாறி, நட்டஈடு கேட்டு முதலாளி மேல் வழக்குப் போட்டார். அது நடந்தது என்று சொல்வதை விட நகர்ந்தது என்று சொல்லலாம். தவணை, தவணை, பிறகும் தவணை. பாகித் சாட்சி சொல்லச் சம்மதித்திருந்தான். கார் து நோர் ரயில் நிலையத்தில் ஒருநாள் பொலிஸ் பேப்பர் பார்த்தது, அவனைப் பிடித்து நாட்டுக்குத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தன் ஊர் பிஷ்கெக்கிலிருந்து தொலைபேசி எடுத்து, "பைகே, மன்னிச்சுக்கொள்ளுங்கோ" என்று அழுதான். பைகே என்றால் அவர்கள் மொழியில் அண்ணன். இனி மிஞ்சியது அண்ணை. அவருடைய சாட்சியத்துக்கு எதிர்த்தரப்பு வழக்கறிஞர் என்ன சொன்னார் தெரியுமா? வழக்காளி இவருடைய வீட்டிலேயே சாப்பிட்டுப் படுக்கிறார், ஆகவே இவர் சொல்வதை நம்ப முடியாதாம். போக இடமில்லாதவனுக்குப் படுக்கை கொடுத்தது குற்றமாகப் போய்விட்டது. எங்கள் பக்க வழக்கறிஞர், "விழுந்ததைக் கண்ட இன்னொருவர் வேண்டும். ஒருவராவது வேண்டும்" என்றார்.

அண்ணை அந்த இரண்டு பேரிடமும் போனார். வீட்டுக்குப் போனார், கடையில் கண்டு கேட்டார், கோயிலில் கண்டு கேட்டார். "அண்ணை, நீங்கள் சொல்லுறது சரி, நாங்கள் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா பிள்ளை குட்டியோட இருக்கிறம். அவர் வேலையால நிப்பாட்டினா ஆர் எங்களுக்கு வேலை தருவினம்?" என்றார்கள். பிறகு தொலைபேசியை எடுப்பதை விட்டுவிட்டார்கள்.

இதற்கிடையில் அண்ணையின் நெஞ்சு இழுப்பு புற்றுநோய் என்று தெரிந்தது. அடுப்படிப் புகை, உடைத்த சுவர்களின் தூசு, அவருடைய சிகரெட் எல்லாம் சேர்ந்த கணக்கு. ஒட்சிசன் குழாயோடு படுத்திருந்தபோதும் அவர் கேட்டது ஒன்றைத்தான்: "அவங்கள் ரெண்டு பேரும் ரெலிபோன் எடுத்தவங்களோ?" இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஒருநாள் கோபத்தில் அந்த இரண்டு பேரையும் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அண்ணை கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஏசாதை. பயம் பொல்லாதது. மொஸ்கோவில எனக்கு ரொட்டி தந்த மனுசனைப் பொலிஸ் பிடிச்சு அடிக்கேக்கை, நான் மற்றப் பக்கத்தால ஓடினனான். எனக்கு அவரைத் தெரியாதெண்டு சொன்னனான்."

கொஞ்சம் மூச்சு வாங்கிவிட்டு, "நான் இல்லாட்டியும் நீ கேள். வடிவாக் கேள், சண்டை பிடியாதை" என்றார். அதுதான் அவர் என்னிடம் தெளிவாகச் சொன்ன கடைசி வார்த்தை. இரண்டு நாளில் அண்ணி பக்கத்தில் இருக்க அமைதியாகப் போனார்.

இனி நன்றிகள். அண்ணையைப் பார்த்த மருத்துவர்களுக்கும் தாதிமாருக்கும், சென் தெனியிலிருந்து தன் ஓய்வு நாளில் வந்து "அக்கா எப்படி இருக்காங்க?" என்று கேட்டு அவரைச் சிரிக்கவைத்த பாண்டிச்சேரிப் பெண்ணுக்கும், ஒரு கிழமை சோறும் மீனும் அவித்துக் கொண்டுவந்த செவ்ரான் அயல்வீட்டு மாலி நாட்டு அம்மாவுக்கும், கிரியைகளை நடத்திய ஐயருக்கும், கொள்ளிக் கடமையைச் செய்த என் மகனுக்கும் நன்றி. வேலையை விட்டுவிட்டு வந்து பெட்டிக்குத் தோள் கொடுத்த தஜிக்கு, கிர்கிஸ் நண்பர்கள், எரிப்பதைப் பார்க்க மனம் வராது என்று மன்னிப்புக் கேட்டு வெளியே நின்றார்கள், ஆனால் முடியும் வரை போகவில்லை. அவர்களுக்கும் நன்றி. பாரம் தூக்க முடியாத தில்ஷோத், பெட்டியில் ஒரு கையை வைத்தபடி கூடவே நடந்தார். பெரிய மலர்வளையம் அனுப்பிய முதலாளி மச்சானுக்கும் முறைப்படி நன்றி. அண்ணிக்கு நன்றி சொல்ல எனக்குத் தகுதி இல்லை.

சாந்து குழைத்துக்கொண்டு நின்ற அந்த இரண்டு பேரின் கைக்கும் இந்த மலர் வரும். நீங்கள் இருவருமே செத்தவீட்டுக்கு வந்தீர்கள். ஒருவர் அழுதீர்கள், அது உண்மையான அழுகை, நான் கண்டேன். மற்றவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "அக்கா, என்ன உதவி தேவையெண்டாலும் யோசிக்காமக் கேளுங்கோ" என்றீர்கள்.

தம்பி, கேட்கிறேன். விடுமுறை முடிந்ததும் வழக்கு. வந்து, கண்டதைச் சொல்லுங்கோ.